மாவுப்பூச்சிக்குள் ஒரு பங்காளிச் சண்டை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களின் பார்வை அடிவாரம் வந்ததுமே மேலே ஏறிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள், சில்லென்ற காற்று, காபித் தோட்டம் என்று மனம் முன்னால் ஓடும். மலையின் காலடியில் கிடக்கும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக் காடுகளுக்காக வண்டியை நிறுத்துகிறவர் அரிது. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ஜவ்வரிசி பிறப்பது இப்படிப்பட்ட காடுகளில்தான். சேர்வராயன் மலையை ஒட்டி வாழப்பாடி, ஏத்தாப்பூர், ஆத்தூர் என்று கிழக்கே போகப் போகக் கிழங்குக் காடுகளும் சேகோ ஆலைகளும் கிழங்குச் சக்கையான திப்பி காயும் களங்களும் கண்ணில் படும்.

இந்தக் காடுகளில் சில ஆண்டுகளாக ஒரு போர் நடக்கிறது. போர்க்களத்தின் மொத்த நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். அது ஒரு மாவுப்பூச்சியின் உடம்பு.

மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 2020-ல், கேரளத்தின் திருச்சூரில். நடவுக்குக் கொண்டுபோகும் கரணையோடு கரணையாகப் பயணம் செய்கிற பூச்சிக்கு மாநில எல்லை ஏது? விரைவிலேயே சேலம், நாமக்கல் பக்கமும் வந்து சேர்ந்தது. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. ஒவ்வொரு பெண்ணும் கூடாமலேயே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிப்பவை எல்லாம் பெண்கள். ஒரு கரணையில் ஒரே ஒரு பூச்சி ஒளிந்து வந்தாலும் காட்டை நிரப்பிவிடும். செடியின் நுனியில் சாற்றை உறிஞ்சும்போது இது செலுத்தும் எச்சிலால் இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும், கணுக்களின் இடைவெளி குறுகிவிடும், தண்டு கோணிக்கொள்ளும். மேலே மாவு பூசியதுபோல் மெழுகுப் போர்வை இருப்பதால் தெளிக்கும் மருந்து உடம்பில் படுவதும் கடினம். ஆப்பிரிக்காவில் இதே பூச்சி கிழங்கு விளைச்சலில் 80 சதவீதம் வரை தின்று தீர்த்திருக்கிறது.

2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் சில குளவிகள் திறந்துவிடப்பட்டன. குளவி என்றதும் ஓட்டுக்கூரையில் மண்கூடு கட்டும் ஆளை நினைக்க வேண்டாம். அனகைரஸ் லோபெசி என்னும் இது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டவும் தெரியாது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிவள ஆதார மையம் 2021-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதை வரவழைத்தது. வேறு நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று தனிமைக்கூடத்தில் சோதித்த பிறகே வெளியே விட்டது.

வந்தது ஒரே ஒரு இனம். இந்த மாவுப்பூச்சியைத் தாக்கும் இன்னொரு குளவியும் உலகில் இருக்கிறது. அது ஏன் வரவில்லை என்பதற்கான விடை, மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளே இருக்கிறது.

ஒட்டுண்ணிக் குளவியின் பிழைப்பு கொடூரமானது. தாய்க்குளவி தன் முட்டையிடும் ஊசியை மாவுப்பூச்சிக்குள் இறக்கி ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். மாவுப்பூச்சி சாகாது, முன்போலவே சாறு குடிக்கும், வளரும். உள்ளே பொரித்த புழு அதன் உடற்திரவத்தைக் குடித்துக்கொண்டே வளர்ந்து, கடைசியில் உள்ளுறுப்புகளையும் தின்று தீர்க்கும். மிஞ்சுவது உப்பிக் கெட்டியான ஒரு பழுப்புக் கூடு. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மம்மி’. முட்டை வைத்து இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஒரு துளையிட்டுப் புதிய குளவி வெளியேறும். பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் தமக்கு இடம் தரும் ஓம்புயிரைக் கொல்லாமல் அதன்மேல் காலம் தள்ளும். இந்தக் குளவியின் வாழ்க்கையிலோ ஓம்புயிரின் சாவு கட்டாயம்.

ஒரு மாவுப்பூச்சியில் ஒரு லோபெசி மட்டுமே வளர முடியும். அதே உடம்பில் இன்னொரு தாயும் முட்டை வைத்துவிட்டால்? பாகம் பிரிக்க முடியாத சொத்துக்கு இரண்டு பங்காளிகள். ஒருவன் செத்தால்தான் மற்றவன் பிழைப்பான்.

இந்தச் சண்டையை வகைப்படுத்தி எழுதியவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சால்ட். 1961-ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இரண்டு பெரிய வழிகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று நேரடிக் கொலை. பல குளவி இனங்களில் முட்டையிலிருந்து வெளிவரும் முதல் பருவப் புழுவுக்கு அரிவாள் வளைவில் கூர்மையான தாடைகள் உண்டு. தின்பதற்கு அவை அவ்வளவாக உதவாது. எதிரியைக் குத்துவதற்கே அமைந்தவை. ஓம்புயிரின் திரவத்தில் நீந்தித் தேடிப்போய்க் கடிக்கும். தோலுரித்து இரண்டாம் பருவத்துக்குப் போனதும் அந்தத் தாடை மறைந்து, தின்பதற்கேற்ற சாதாரண வாய் வந்துவிடும். விபரீதம் இங்கேதான். முன்னால் வந்து வளர்ந்துவிட்ட புழு நிராயுதபாணி; பின்னால் பொரித்து வந்த பொடியனிடம் ஆயுதம் இருக்கும். இதனால் மூத்தவனை இளையவன் குத்திக் கொல்வதும் உண்டு.

இரண்டாவது வழி, தொடாமலே கொல்வது. அதே கேம்பிரிட்ஜில் ஆர்.சி. ஃபிஷர் 1960-களின் தொடக்கத்தில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களுக்குள் வளரும் வென்டூரியா கேனசென்ஸ் குளவியை ஆராய்ந்தார். வயது வித்தியாசம் உள்ள இரண்டு குளவிப்புழுக்கள் ஒரே உடம்பில் இருந்தபோது, கடிபடாத இளைய புழுக்களும் செத்தன. மூத்தது ஓம்புயிரின் இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, இளையது மூச்சுத் திணறி மடிந்தது என்று அவர் காட்டினார். வேறு சில இனங்களில் பட்டினி போட்டுச் சாகடிப்பதும், வேதிப்பொருளால் எதிரியின் முட்டையைப் பொரிக்கவிடாமல் செய்வதும் நடக்கின்றன.

காற்றுக்கான இந்தப் போட்டியில் மாவுப்பூச்சிகளைத் தாக்கும் என்சிர்ட்டிட் குடும்பத்துக் குளவிகள் ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பல இனங்களில் முட்டைக்கு ஒரு காம்பு உண்டு. முட்டை உள்ளே கிடக்க, காம்பின் நுனி ஓம்புயிரின் தோலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பொரித்த புழு பின்முனையை முட்டைத்தோட்டில் பொருத்திக்கொண்டு காம்பின் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கும். நம் லோபெசியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தாய்க்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகள் ஊசியை இறக்கியதுமே, உள்ளே ஏற்கெனவே முட்டை இருக்கிறதா என்று உணர்ந்துவிடும். இருந்தால் ஊசியை உருவிக்கொண்டு அடுத்ததைத் தேடும். தெரிந்தே இரண்டாவது முட்டையை வைப்பதும் நடக்கிறது. இதை முன்பு தாயின் தவறு என்றே பலர் எழுதினார்கள். நெதர்லாந்தின் லைடனில் ழாக் ஃபான் ஆல்ஃபென் குழுவினர் வேறு கணக்கைப் போட்டார்கள். காலி உடம்பு கிடைக்காத காலத்தில், வெல்ல வாய்ப்புக் குறைந்த ஓர் உடம்பில் முட்டை வைப்பது, வைக்காமலே சாவதைவிட லாபம். சூதாட்டம்தான், ஆனால் கணக்குப் பார்த்து ஆடும் சூதாட்டம்.

இனி ஆப்பிரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி, சில ஆண்டுகளில் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிப் பஞ்ச பயத்தைக் கிளப்பியது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் எதிரியைத் தேடும் வேட்டை தொடங்கியது. 1981-ல் பராகுவேயில் பூச்சியின் சொந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தாக்கிக்கொண்டிருந்த லோபெசி அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்டது. பிறகு விமானத்திலிருந்துகூடத் தூவினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நிலைத்தது. செலவழித்த ஒரு டாலருக்கு 149 டாலர் நன்மை என்று 1988-ல் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே முயற்சியில் அனகைரஸ் டைவர்சிகார்னிஸ் என்ற இன்னொரு குளவியையும் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய்ப் பல இடங்களில் விட்டார்கள். அது நிலைக்கவில்லை. தென் அமெரிக்காவில் லோபெசியோடு சேர்ந்து வாழ்கிற இனம், ஆப்பிரிக்காவில் ஏன் தோற்றது? ஃபான் ஆல்ஃபெனோடு சேர்ந்து பைல்ஸ் முதலானோர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைச் சொன்னது. ஒரே மாவுப்பூச்சிக்குள் இரண்டு இனங்களின் முட்டைகளும் இருந்தால் பெரும்பாலும் வெளியே வருவது லோபெசிதான்.

இன்னொரு காரணம் இதைவிடச் சுவையானது. குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எது வேண்டும் என்பதைத் தாயே முடிவு செய்யும். பெரிய உடம்பில் பெண் முட்டை, சின்ன உடம்பில் ஆண் முட்டை என்பது வழக்கம். சற்றே சிறிய மாவுப்பூச்சியிலும் லோபெசி பெண் முட்டையை வைத்துவிடும். டைவர்சிகார்னிஸ் தன் மகள்களுக்கு இன்னும் பெரிய உடம்பைக் கேட்கும். மாவுப்பூச்சி வளரட்டும் என்று அது காத்திருக்கும்போது லோபெசி முந்திக்கொண்டுவிடும். மிஞ்சிய சின்ன உடம்புகளில் டைவர்சிகார்னிஸுக்குப் பிறப்பது பெரும்பாலும் ஆண்கள். ஆண்களை மட்டும் பெற்று வம்சம் தழைக்காது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சியும் அதற்கு இரையாக உண்டு. ஆப்பிரிக்காவில் லோபெசியோடு ஒரே இலையில் மோதியாக வேண்டியிருந்தது.

தாய்லாந்தில் இந்த மாவுப்பூச்சி 2008-ல் நுழைந்தபோதும் பெனினிலிருந்து போனது லோபெசிதான். ஏத்தாப்பூருக்கு வந்ததும் இந்தப் பரம்பரைதான்.

தமிழ்நாட்டுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பாய்ந்தது. பட்டு வளர்ப்பவர்கள் மல்பெரியையே பிடுங்கி எறிந்த காலம் அது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒன்றல்ல, மூன்று குளவி இனங்கள் வந்தன: அசிரோஃபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. அதே ஆண்டு ஃப்ளோரிடாவில் அமரசேகர முதலிய ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் மோதவிட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். பப்பாயே இளம் மாவுப்பூச்சிகளை, அதாவது இரண்டாம் பருவத்தை விரும்பியது. லோக்கியும் மெக்சிகானாவும் வளர்ந்தவற்றை விரும்பின. இளம் உடம்புகளுக்கான போட்டியில் பப்பாயேதான் மேலே வந்தது. வளர்ந்த உடம்புகளில் லோக்கி நன்றாகத் தாக்குப்பிடித்தது.

ஆனால் இளமையிலேயே ஆக்கிரமிக்கப்பட்ட மாவுப்பூச்சி பிழைத்து வளர்ந்தால்தானே மற்றவர்களுக்குப் பங்கு கிடைக்கும்? தமிழ்நாட்டு வயல்களில் ஓங்கி நின்றது பப்பாயே. ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இன்று பப்பாளி நடுகிற இளைஞர் பலருக்கு அந்தப் பூச்சியின் பெயர்கூடத் தெரியாது. ஒரு வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

உள்ளே வெல்கிறவன் வெளியிலும் திறமைசாலி என்பது லோபெசி விஷயத்தில் நமக்கு அடித்த அதிர்ஷ்டம். எப்போதும் அப்படி அமைவதில்லை. ஹவாயில் மத்தியதரைக்கடல் பழ ஈயை ஒழிக்க 1913-ஐ ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து ஓபியஸ் ஹுமிலிஸ் என்ற குளவியும் ஆஸ்திரேலியாவிலிருந்து டையகாஸ்மா ட்ரையோனி என்ற குளவியும் வந்தன. ஹுமிலிஸ் தேடுவதில் கெட்டி, முட்டையும் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே ஈப்புழுவுக்குள் சந்தித்தால் ட்ரையோனியின் புழு அதைக் கடித்துக் கொன்றுவிடும். 1918-ல் பெம்பர்ட்டனும் வில்லர்டும், ஹுமிலிஸை மட்டும் விட்டிருந்தால் இன்னும் அதிக ஈக்கள் செத்திருக்கும் என்று வாதிட்டார்கள். அடிதடியில் வல்லவன் வேலையில் வல்லவனை விரட்டிவிட்டான் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அதே தீவுகளில் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கதை தலைகீழானது. சேலத்து மாம்பழத்தையும் துளைக்கும் கீழைப் பழ ஈ அங்கே நுழைந்தபோது, 1940-களின் கடைசியில் மூன்று குளவிகள் அடுத்தடுத்து ஆட்சிக்கு வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைக் கவிழ்த்தது. கடைசியில் நிலைத்தது ஃபோபியஸ் அரிசானஸ். ஈ, புழுவாகும்வரை அது காத்திருக்காது. பழத்துக்குள் இருக்கும் ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்துவிடும். பிறகு புழுவில் முட்டை வைக்கும் மற்றக் குளவிகளின் வாரிசுகளை உள்ளேயே வளரவிடாமல் அடக்கிவிடும். இந்தமுறை ஒவ்வொரு கவிழ்ப்பிலும் ஈக்களின் சாவு கூடியது.

சண்டையின் உச்சத்தைக் காண வேண்டுமானால் கோப்பிடோசோமா குளவிகளிடம் போக வேண்டும். கோப்பிடோசோமா ஃப்ளோரிடானம் அந்துப்பூச்சியின் முட்டைக்குள் ஒரு முட்டை வைக்கும். அந்த ஒரே முட்டை பிரிந்து பிரிந்து இரண்டாயிரம், மூவாயிரம் அச்சுப்பிரதிகளாகும். அவற்றில் சில மட்டும் முன்கூட்டியே பொரித்து, பெரிய தாடையோடு ரோந்து சுற்றும். இவை குளவியாக மாறாது, இனம் பெருக்காது. வேற்றுக் குளவியின் புழுக்களைக் கொன்றுவிட்டு, தாமும் சாகும். க்ரூஸ் என்ற ஆய்வாளர் 1981-ல் இந்தக் குடும்பத்தின் ஓர் இனத்தில் முதலில் இந்தப் படைவீரர்களை அடையாளம் காட்டினார். 1992-ல் இன்னொரு வினோதம் தெரிந்தது: ஒரே ஓம்புயிரில் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் இருந்தால், பெண் வீரர்கள் சகோதரர்களையும் கொல்கிறார்கள். சில ஆண்கள் இருந்தாலே எல்லாப் பெண்களோடும் கூடிவிடலாம். மிச்சம் இருப்பவர்கள் உணவுக்குப் பாரம். இதே இனத்தின் உறவான கோப்பிடோசோமா கோஹ்லேரியை உருளைக்கிழங்கு அந்துப்பூச்சிக்கு எதிராக இந்தியாவும் வரவழைத்திருக்கிறது.

அடிவாரத்திலிருந்து மேலே ஏறினாலும் சண்டை ஓயாது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த காபியைத் துளைக்கும் காய்த்துளைப்பான் வண்டு, இந்தியாவில் 1990-ல் கூடலூர்ப் பக்கம் தென்பட்டது. அதற்கெதிராக வரவழைத்த செஃபலோனோமியா குளவியும் அதன் சொந்தக்காரர்களும் ஒரே காபிக்காய்க்காகத் தாய்களாகவே மோதிக்கொள்ளும். மெக்சிகோவில் நடந்த சோதனைகளில் சில மோதல்கள் ஒருவர் சாவில் முடிந்தன. தென்னையின் கருந்தலைப்புழுவுக்காக நம் ஊரில் விடும் கோனியோசஸ் தாயும் முட்டை வைத்த புழுவை விட்டு நகராது. வேறு குளவி வந்தால் எதிர்த்து நிற்கும்.

ஆக, ஒரு பூச்சிக்கு ஒரு குளவியா, பலவா? நூறாண்டாக நீளும் இந்த வாதத்தில் இரு பக்கமும் சாட்சிகள் உண்டு. விவசாயிக்கு உடம்புக்குள் யார் வென்றாலும் மாவுப்பூச்சி செத்தால் போதும். ஆனால் உள்ளே ஜெயித்துவிட்டு வெளியே தேடத் தெரியாத குளவியை ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே சோதித்துத் தேர்ந்த ஒரே இனத்தோடு ஏத்தாப்பூரில் நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

அந்தக் குளவியையும் தோற்கடிக்க வல்லது ஒன்று உண்டு: மருந்துத் தெளிப்பான். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் தப்பித்துக்கொள்ளும். குளவிக்குப் போர்வை கிடையாது. குச்சிக்கிழங்கின் நுனியில் வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே பழுப்பாக, உப்பிக் கெட்டியான உடல்கள் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் பூச்சிக்கொல்லியை வாங்க ஓடாதீர்கள், அந்த நுனியைக் கிள்ளி எரிக்கவும் வேண்டாம். அடுத்த நடவுக்குக் கரணை வாங்கும்போது பூச்சி இல்லாத காட்டிலிருந்து மட்டும் வாங்குங்கள்.